தயாளனின் கிடாரும் கோயில் மைக்செட் ஆம்பும்

எந்த எலக்ட்ரிக் கிடாருக்கு எந்த ஆம்ப் பொருந்தும், யாரும் எதிர்பார்க்காத நல்ல ஜோடிகளாக நாலைந்தைச் சொல்லி ஒரு கட்டுரை கொடுங்கள் என்று சவுண்ட் சர்வீஸ் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் கேட்டீர்கள். திருவள்ளூரில் முப்பத்தெட்டு வருடம் கடை வைத்திருந்தவர், கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஏறாத மேடையில்லை, ஆம்பைத் திறக்காமலே கோளாறைச் சொல்லிவிடுவார் என்றெல்லாம் என்னைப் பற்றி யாரோ உங்களிடம் அளந்துவிட்டிருக்கிறார்கள். அளந்தவர்களில் நானும் ஒருவன்.

ஜோடிகள் எனக்குத் தெரியும். இரண்டைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதை எழுத வெட்கமாக இருக்கிறது. நாலு முறை எழுதிக் கிழித்துப் போட்டாயிற்று.

முதல் ஜோடி செவ்வாப்பேட்டையில் அமைந்தது. சர்ச்சில் வாசிக்கும் ஒரு தம்பிக்கு வெளிநாட்டு மாமா வாங்கி அனுப்பிய கிடார். அதற்குக் கொஞ்சமும் குறையாத விலையில் ஆம்ப். இரண்டும் சேர்ந்தால் தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நடுவில் அந்த ஆம்ப் மக்கர் பண்ணியது. வேறு வழியில்லாமல் கீபோர்டுக்கு வைத்திருந்த ஆம்பில் கிடாரைச் சொருகினேன். கிடாரின் கூச்சலையெல்லாம் அந்தப் பெட்டி வாங்கி விழுங்கிக்கொண்டு, உள்ளே இருந்த இனிமையை மட்டும் வெளியே விட்டது. அன்றிலிருந்து அந்தத் தம்பி அந்த விலை உயர்ந்த ஆம்பைத் தண்ணீர் கேன் வைக்கப் பயன்படுத்துகிறார்.

இரண்டாவது, காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியின் ஆயுத பூஜை விழா. கடல் காற்றில் உப்புப் பிடித்து என்னுடைய பெரிய ஆம்ப் படுத்துவிட்டது. கிடார்காரர் கையில் இருந்ததோ கனமான, முரட்டுக் குரல் கொண்ட கிடார். அவர் பையில் வீட்டில் பழகுவதற்காக டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பேட்டரி ஆம்ப் வைத்திருந்தார். அதை ஒரு ஸ்டூலில் வைத்து, முன்னால் பாட்டு மைக் ஒன்றை நிறுத்தினேன். நாய்க்குட்டிக்கு மைக் பிடித்த மாதிரி இருக்கிறது என்று கூட்டம் சிரித்தது. வாசிக்க ஆரம்பித்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. அத்தனை பெரிய சத்தம் அந்தக் குட்டிப் பெட்டியிலிருந்து வருகிறது என்று கம்பெனி மேனேஜர் கடைசிவரை நம்பவில்லை.

ஜாதகம் பார்ப்பது போல நீங்கள் விலைப் பட்டியலைப் பார்த்து ஜோடி சேர்க்கிறீர்கள். சொருகிப் பாருங்கள், வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள். இந்த இரண்டு கதையிலும் நான் கெட்டிக்காரன். இந்த இரண்டையும் எத்தனையோ டீக்கடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். மூன்றாவதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தயாளனை நான் முதலில் பார்த்தது கவரைப்பேட்டையில், ஒரு கல்யாண மண்டபத்தில். பதினைந்து வருடம் இருக்கும். வரவேற்புக்கு மைக், ஸ்பீக்கர் எல்லாம் என்னுடையது. பாட வந்தது கும்மிடிப்பூண்டி மெல்லிசைக் குழு. கீபோர்டு வாசிக்கும் ரவிதான் அந்தக் குழுவை நடத்தினார். லீட் கிடார் தயாளன். முப்பத்தைந்து வயது, ஒல்லியான உடம்பு. சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. வண்டிகளுக்கு வேண்டிய தகரப் பாகங்களை மிஷினில் வைத்து அடித்து எடுக்கிற கம்பெனி அது.

அவருடைய கிடார், கடையில் வரிசையின் கடைசியில் தொங்குகிற மலிவு ரகம். குரல் ரொம்பச் சன்னம். ஆம்ப் அதைவிட வேடிக்கை. அவர் தெரு அம்மன் கோயிலில் புது மைக்செட் வாங்கியபோது கழித்துப் போட்ட பழைய வால்வு ஆம்ப். அறிவிப்புக்கும் பக்திப் பாட்டுக்கும் செய்த பெட்டி. அதில் மைக் சொருகும் இடத்தில் கிடாரைச் சொருகி, ஓரம் கிழிந்த ஒரு பழைய ஸ்பீக்கரை மரப்பெட்டியில் மாட்டி வைத்திருந்தார்.

"இன்னாப்பா, கிடார் வாசிக்கவா, கூழ் ஊத்தறாங்கன்னு அறிவிப்பு பண்ணவா?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும் ஆவும்ணா" என்று சிரித்தார்.

முதல் பாட்டின் இடையிசையில் ஒரு சுரத்தை அழுத்தினார். அது நின்றது. மெல்லத் தொட்டதுதான். ஆனால் குரல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகி, கொஞ்சம் கரகரப்போடு, ஒருத்தர் தொண்டை அடைக்கப் பாடுவது போல நீண்டது. பந்திக்கு எழுந்தவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்படி வாசிக்கிற கையைப் பார்க்க வேண்டும் என்று மேடை ஓரத்துக்குப் போனேன். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் முதல் கணுவோடு முடிந்திருந்தன.

சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"பிரஸ்ல போச்சுண்ணா" என்றார். "ஆறு மாசம் கிடாரத் தொடவே இல்ல. அப்பறம் தொட்டா, அழுத்தறதுக்கு பலம் பத்தல. எந்த கிடார் எடுத்தாலும் சவுண்டு பொசுக்குன்னு செத்துடும். தெரிஞ்சவங்க ஊட்டு ஆம்ப் எல்லாத்துலயும் சொருகிப் பாத்துட்டேன். இந்தக் கிடாரும் இந்த டப்பாவும் சேந்தாத்தான் மெல்லத் தொட்டாலும் நிக்குது. எப்பிடின்னு எனக்கே தெரியாது."

"இன்னும் அதே கம்பெனிதானா?"

"அதே மிஷின்ணா. பெடல மிதிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தபாவும் வெரல எண்ணிப் பாத்துக்கறேன். ஊட்டுல சொன்னா அவ பயப்படுவா. சொல்றதில்ல."

பிள்ளைகளே, இதை நன்றாகக் கவனியுங்கள். அவர் எனக்குச் சொன்னார். இந்தக் கிடாரும் இந்த ஆம்பும் சேர்ந்தால்தான் தன் கைக்குக் குரல் உண்டு என்று வாய்விட்டுச் சொன்னார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே கிடையாது. நான் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டு "அப்படியா, அப்படியா" என்று தலையாட்டினேன்.

மறு வருடம் ஒரு வியாழக்கிழமை, தயாளன் அந்த ஆம்பைப் பெரியபாளையம் வழியாகப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். முகத்தில் ஒரு பரபரப்பு.

"அண்ணா, ஹம்மிங் ஜாஸ்தியா கீது. இத்தக் கொஞ்சம் பாத்துக் குடுங்க. ஞாயித்துக்கெயம காலைல எனக்கு முக்கியமான வேல. மெட்ராஸ்லேந்து ஒரு பெரிய குழு நடத்தறவரு என் வாசிப்பக் கேக்க வராரு. புட்சிப்போச்சுன்னா மாசச் சம்பளம், நிரந்தரமா எடுத்துக்கறாங்களாம். கெடச்சா அந்த மிஷினுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுவேன்."

"சனிக்கிழமை வந்து எடுத்துக்கோ. கவலைப்படாதே" என்றேன்.

அவர் கேட்டது இரைச்சலை நிறுத்த. ஒரே ஒரு கெப்பாசிட்டரை மாற்றினால் தீர்ந்திருக்கும். அரை மணி வேலை. ஆனால் பெட்டியைத் திறந்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. உள்ளே எவனோ கண்டபடி கை வைத்திருந்தான். ஒரு இடத்தில் அளவு தப்பிய ரெசிஸ்டர். இன்னொரு இடத்தில் கசிகிற கெப்பாசிட்டர். வால்வுகள் களைத்துப்போனவை. ஸ்பீக்கரின் காகிதம் ஓரத்தில் கிழிந்து பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. இதை இப்படியே திருப்பிக் கொடுத்தால் என் கடைப் பெயர் என்ன ஆவது என்று நினைத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து, சர்க்யூட் வரைபடத்தில் இருக்கிறபடியே அத்தனையையும் மாற்றினேன். ஸ்பீக்கரையும் புதிதாகப் போட்டேன். யாரும் கேட்காத வேலை. அதை அவருக்குச் செய்த உபகாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

கழற்றிய பாகங்களை ஒரு கவரில் போட்டு, பழைய ஸ்பீக்கரோடு வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுவது நம் வழக்கம். மாற்றினோம் என்பதற்கு அதுதான் சாட்சி. சனிக்கிழமை தயாளன் வந்தபோது கடையில் கூட்டம். கவரையும் ஸ்பீக்கரையும் ஏற்கெனவே மறுநாள் ரவி குழுவின் நிகழ்ச்சிக்கான சாமானோடு வேனில் ஏற்றியிருந்தேன். அங்கேயும் சவுண்ட் நான்தான், மண்டபத்தில் கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அவர் கிடாரைச் சொருகி இரண்டு மூன்று சுரம் வாசித்தார். முகம் கொஞ்சம் சுருங்கியது.

"சுத்தமா கீதுண்ணா. ஆனா இன்னாவோ…"

"இரைச்சல் வருதா?"

"இல்லண்ணா."

"அப்புறம் என்ன? புதுசாயிடுச்சு. பழக ரெண்டு நாள் ஆகும். போய்ட்டு வா" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டேன். "இன்னாவோ" என்று ஒரு வாசிப்பவர் இழுத்தால் எல்லா வேலையையும் கீழே வையுங்கள். அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அவருக்குத்தான் கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அதே கவரைப்பேட்டை மண்டபம். மாலை வரவேற்புக்கு ரவியின் குழு காலையிலேயே ஒத்திகைக்கு வந்திருந்தது. சென்னைக் குழுவை நடத்துபவர் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பத்தேகாலுக்கு தயாளன் என்னிடம் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அண்ணா, நிக்க மாட்டேங்குது. அடிச்சா கேக்குது, அடுத்த நிமிசம் ஒண்ணுமில்லாம பூடுது. ராத்திரி புல்லா பாத்துட்டேன். நீங்க உள்ள இன்னா பண்ணீங்க?"

அந்தக் கேள்வியில் குற்றம் எதுவும் இல்லை. உதவிதான் கேட்டார். எனக்கு அது காதில் வேறு மாதிரி விழுந்தது. பக்கத்தில் என் ஆட்கள் நிற்கிறார்கள், ரவி நிற்கிறார், ஒரு பிரஸ் ஷாப் தொழிலாளி என் வேலையைக் குறை சொல்கிறான் என்று தோன்றியது. ஆமாம், அப்படித்தான் தோன்றியது. எழுதும்போதே முகம் சுடுகிறது.

"எல்லாத்தையும் சரியா பண்ணியிருக்கேன். ஏற்கெனவே இருந்ததுதான் தப்பு" என்றேன்.

"அப்ப அந்தத் தப்பே இருக்கட்டும்ணா. பழசையே மாட்டிக் குடுக்க முடியுமா?"

வேன் மண்டப வாசலில் நின்றது. கவர் அதற்குள் இருந்தது. கிழிந்த ஸ்பீக்கரும் இருந்தது. சால்டரிங் அயர்ன் என் பெட்டியில் இருந்தது. முக்கால் மணி நேரம் இருந்தது. எல்லாப் பாகத்தையும் மாற்ற முடியாவிட்டாலும் முக்கியமான நாலைந்தை மாட்டியிருக்கலாம். இல்லையென்றால் வருகிறவரிடம், "சார், ஆம்பை நான் மாற்றிவிட்டேன், ஒரு வாரம் பொறுத்துக் கேளுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? என்னிடம் இருந்ததிலேயே விலை உயர்ந்த ஆம்பை இறக்கி, "இதுல வாசி. இதுல நிக்கலேன்னா எதுலயும் நிக்காது" என்று சவால் விட்டேன். அதில் இன்னும் மோசமாக இருந்தது. தயாளன் தன்னுடைய ஆம்புக்கே திரும்பிப் போனார்.

சென்னைக்காரர் வந்தார். மரியாதையான மனிதர். தயாளன் இடது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வலது கையால் வணக்கம் வைத்தார். வாசித்தார். விரல் ஓடுகிறது, பாட்டு சரியாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு சுரமும் தொட்ட இடத்திலேயே அறுந்து விழுகிறது. பாதிப் பாட்டில் சென்னைக்காரர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். என் பக்கம் திரும்பி, "மாஸ்டர், ஆம்ப்ல ஏதாவது கோளாறா?" என்று கேட்டார்.

எனக்கென்று வைத்த கேள்வி அது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். தயாளன் என்னைப் பார்த்தார். ரவியும் பார்த்தார்.

"ஆம்ப்ல ஒண்ணும் இல்ல சார்" என்றேன். "நேத்துதான் நானே சர்வீஸ் பண்ணேன். இவருக்குக் கைதான் அப்படி. பிரஸ்ல ரெண்டு விரல் போயிடுச்சு. அழுத்த முடியாது."

அதுவரை சென்னைக்காரருக்கு அந்தக் கை தெரியாது. கிடார் கழுத்தைப் பற்றியிருந்த விரல்களை அப்போதுதான் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் இரக்கம் வந்தது. இரக்கம் வந்துவிட்டால் வேலை வராது என்பது அந்த மேடையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். "நல்லா வாசிக்கிறீங்க தம்பி, உடம்பப் பாத்துக்கோங்க. சொல்லி அனுப்புறேன்" என்றார். சொல்லி அனுப்பவில்லை.

தயாளன் கிடாரைக் கழற்றிப் பையில் போட்டார். அடுத்த வாரம் அந்த ஆம்பை மறுபடி பேருந்தில் தூக்கிவந்து என் மேஜைமேல் வைத்தார். "நீங்களே வச்சிக்கோங்கண்ணா. இனிமே எனக்கு இதால ஒண்ணும் ஆவாது" என்றார். நிறுத்தியிருக்க வேண்டும். டீ சாப்பிட்டுவிட்டுப் போ என்றுகூடச் சொல்லவில்லை. அவர் போய்விட்டதில் எனக்கு நிம்மதியாக இருந்தது. ரவியின் குழுவிலிருந்தும் அவர் நின்றுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், கடையில் ஈ காக்கை இல்லை. பொழுது போகாமல் அந்த ஆம்பை எடுத்துப் பழைய பாகங்களை ஒவ்வொன்றாக மாட்டினேன். வேண்டுமென்றுதான் செய்தேனா, விளையாட்டாகவா என்று இன்றும் தெரியாது. களைத்த வால்வு, அளவு தப்பிய ரெசிஸ்டர், கசியும் கெப்பாசிட்டர், கிழிந்த ஸ்பீக்கர். சர்வீசுக்கு வந்திருந்த ஒரு பள்ளிக்கூடத்து மலிவுக் கிடாரைச் சொருகினேன். எனக்குக் கிடார் வாசிக்க வராது. ஒரு கம்பியை ஒற்றை விரலால், பட்டும் படாமல் தொட்டேன்.

நின்றது. பெருகிக்கொண்டே போனது. கவரைப்பேட்டையில் முதல் நாள் கேட்ட அதே குரல். சன்னமான கிடார், பேச்சுக் குரலை எட்டு ஊருக்குக் கேட்க வைக்கப் பிறந்த பெட்டி, அதற்குள் இருந்த தப்புகள், எல்லாம் சேர்ந்து வாசிப்பவன் கையைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. என் வாழ்க்கையில் கேட்ட ஜோடிகளிலேயே சிறந்தது அதுதான். நான் அதைச் சரி செய்து கொன்றிருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றே போய்ச் சொல்லியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? போகவில்லை. பதிமூன்று வருடம் போகவில்லை. அவர் மறந்திருப்பார் என்றேன். இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்றேன். கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் என் பதில்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. ஒருமுறை ஆர்.கே.பேட்டையில் ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். வேறு ஒரு குழுவுக்கு லீட் கிடாருக்கு ஆள் வேண்டுமென்று பேச்சு வந்தது. யாரோ தயாளன் பெயரைச் சொன்னார்கள். அங்கே நின்ற ரவி, "தயாளனா? வாணாம்பா. அவனுக்குக் கை வேலைக்கு ஆவாது. மாஸ்டரே சொல்லிட்டாரு" என்றார். மாஸ்டராகிய நான் ஐந்தடி தள்ளி ஸ்பீக்கர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றி முடித்து, அடுத்த ஒயரை எடுத்துச் சுற்றினேன்.

மேடையில் பொய் சொன்னது ஒரு நிமிடத்து அவசரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆர்.கே.பேட்டையில் எனக்கு எந்த அவசரமும் இல்லை. அதனால் அதை நினைத்தால்தான் எனக்கு அதிகமாக அவமானமாக இருக்கிறது.

போன வருடம் கடையை மூடினேன். சாமான்களை ஒழித்தபோது அந்த ஆம்ப் கையில் வந்தது. அதை எங்கேயும் கொடுக்க மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதைக் காரில் வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். தயாளனின் மனைவி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் அவர் முகம் இறுகிவிட்டது.

"உள்ள வாங்கண்ணா" என்றார். "நாஷ்டா பண்ணிக்கினு கீறாரு."

தயாளனுக்குத் தலை நரைத்திருந்தது. இன்னும் அதே கம்பெனி. எட்டு வருடம் அதே மிஷினில் நின்றபிறகு ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள். எழுந்து, கை கழுவி, எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கவரை, வேனை, முக்கால் மணி நேரத்தை, மழைக்கால மத்தியானத்தை, ஆர்.கே.பேட்டையை. எதையும் குறைக்கவில்லை.

அவர் பரண்மேலிருந்து கிடாரை இறக்கினார். கம்பிகள் துருவேறியிருந்தன. ஆம்பில் சொருகினார். வால்வு சூடாகும்வரை மூன்று பேரும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் அந்தக் குட்டை விரலால் ஒரு கம்பியைத் தொட்டார். சுரம் நின்றது. இன்னொன்று. அதுவும் நின்றது. ஒரு பாட்டின் நாலு வரியை வாசித்தார். துருப்பிடித்த கம்பி, பதிமூன்று வருடம் பழகாத கை, அப்படியும் அந்தக் குரல் அறை முழுக்க நின்றது. அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். நான் அழுதேன்.

தயாளன் சுவிட்சை அணைத்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ணா" என்றார். "என் கை இது. தெனம் பாக்கறேன். இன்னா முடியும், இன்னா முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? ஆம்ப்ல நீங்க இன்னாவோ பண்ணிட்டீங்கன்னு தெரியும். நீங்க கைதான்னு சொன்ன அப்பறம், இல்லன்னு நான் சொன்னா எவன் கேப்பான்?"

"என்னை மன்னிச்சுடுப்பா தயாளா."

"என்னாண்ட எதுக்குண்ணா சொல்றீங்க? நான்தான் நம்பவே இல்லியே. நம்பினவங்க கீறாங்க. அவங்களாண்ட போய்ச் சொல்லுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. முகவரி சொல்வது போலச் சொன்னார். சொல்கிறேன் என்றேன். கிளம்பும்போது, "ஆம்ப் இங்கியே இருக்கட்டும்ணா" என்றார்.

வீடு திரும்பும் வழியிலேயே ரவியைப் பார்க்கப் போனேன். அவர் இப்போது பெரிய குழு வைத்திருக்கிறார், மாவட்டம் முழுக்க அவர் சொன்னால் சொன்னதுதான். "வாங்க மாஸ்டர்" என்று எழுந்து நின்றார். காபி வந்தது. பழைய கதை பேசினோம். காட்டுப்பள்ளியில் டிபன் பாக்ஸ் ஆம்பை வைத்துச் சமாளித்ததை அவரே எடுத்துச் சொல்லி, அங்கிருந்தவர்களிடம் என்னைப் புகழ்ந்தார். நான் சிரித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அறுபத்தாறு வயதில், தப்பு ஆம்பில், தயாளன் கையில் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை அவர் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

ஆம்பைத் திறக்கும் முன் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றோ, கேட்டதை மட்டும் சரி செய்யுங்கள் என்றோ நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நாலு பெட்டியைக் கெடுத்தால் அது தானாக வந்துவிடும். ஆனால் சீக்கிரமே உங்களையும் யாராவது மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். அன்றைக்கு மேடையில் உங்கள் பக்கம் திரும்பி, கோளாறு ஆம்பிலா ஆளிலா என்று ஒருவர் கேட்பார். நீங்கள் சொல்வதை எல்லோரும் நம்புவார்கள். அந்த நேரத்தில் உங்கள் கடைப் பெயரைப் பற்றி நினைக்காதீர்கள். நான் நினைத்தேன். அதற்காக ஒரு மனிதர் இன்னும் எட்டு வருடம் அந்த மிஷினின் பெடலை மிதித்தார்.

ரவி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களிடம் இதைக் கேட்டு மற்றவர்களிடம் சொன்ன குழுக்காரர்களும் படிப்பீர்கள். அன்று கவரைப்பேட்டை மண்டபத்தில் தயாளன் கையில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு ஆம்பில். அதைச் செய்தவன் நான். தெரிந்தே மறைத்தவனும் நான்.

தயாளன் இப்போது கம்பி மாற்றிவிட்டார். தினமும் சாயங்காலம் வாசிக்கிறார் என்று அவர் மனைவி ஃபோனில் சொன்னார். யாருக்காவது லீட் கிடாருக்கு ஆள் வேண்டுமென்றால் அவர் கும்மிடிப்பூண்டியில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டோர் விடுமுறை.